சந்தனப் பொட்டு வைத்த வயலின்

1

நெதர்லாந்தில் ஒரு பூசணிக்காயை நிம்மதியாக உடைக்க முடியாது. தெருவில் உடைத்தால் எதிர்வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்ப்பார். பிறகு கதவைத் தட்டி, ரொம்ப மரியாதையாக, "நீங்களே இதைச் சுத்தம் செய்துவிடுவீர்கள் இல்லையா?" என்று கேட்பார். சரி, பொறுக்கியாயிற்று. எந்தத் தொட்டியில் போடுவது? காய்கறிக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி. ஆனால் உள்ளே குங்குமம் கொட்டியிருக்கிறதே, அது எந்த வகைக் குப்பை? இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும் எனக்குத் தெரியவில்லை. அதனால் ஆயுதபூஜையை ஓர் எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்வேன். கார் சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் தோலைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வேன். சாமி கும்பிடுவதற்கே திருட்டு முழி முழிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் அப்படித் தப்பிக்க முடியவில்லை. அண்ணன் வந்திருந்தார்.

அண்ணன் செங்கோட்டுவேலுவுக்குத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டித் தொழில். ஆழ்துளைக் கிணறு போடுகிற பெரிய லாரிகள். என் மகள் தாரணி வயலின் படிப்பை முடித்துவிட்டு முதல்முறையாகத் தனிக் கச்சேரி செய்கிறாள் என்று போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "தாய்மாமன் இல்லாம அரங்கேத்தமா? நான் வாரேன் அம்மிணி" என்று போனை வைத்துவிட்டார். அரங்கேற்றம் இல்லை, சும்மா கச்சேரிதான் என்று நான் சொன்னதைக் கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை.

விசா வாங்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. பயணத்தின் நோக்கம் என்ன? மருமகளின் கச்சேரி. மருமகளின் கச்சேரிக்கு மாமா எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும்? தாய்மாமன் என்றால் யார் என்று விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு, பெண்ணின் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்கள். இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எழுத நினைத்து அடக்கிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் அடுத்த கூத்து. பூஜைக்கென்று பரமத்தி வேலூரிலிருந்து ஒரு கட்டு வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார். வாழைப்பழத்துக்குத் தடை இல்லையாம், விட்டுவிட்டார்கள். வெற்றிலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். "ஏனுங், கொளுந்து வெத்தலைங்க, வாயில போட்டா கரையுமுங்க" என்று அந்த அதிகாரியிடம் அண்ணன் தமிழில் வாதாடிக்கொண்டிருந்ததைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்த ஆள் வெற்றிலையைக் கையுறை போட்டுக்கொண்டு தூக்கினார்.

2

தாரணி வாசிப்பது சாதாரண வயலின் இல்லை. இதை அண்ணனுக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

இங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. இருநூறு வருடத்துக்கு முந்தைய சொனாட்டாக்களை அந்தக் காலத்து வாத்தியத்தில்தான் வாசிப்பார்கள். இரண்டு பேர் மாறி மாறிப் பேசிக்கொள்வது மாதிரி வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் நீளமான உருப்படிதான் சொனாட்டா. வயலின் பழசு, வில் பழசு. பியானோகூட இப்போதைய பியானோவின் கொள்ளுப்பாட்டன் மாதிரி, மரச்சட்டமும் மெல்லிய குரலுமாக இருக்கும். இதைத்தான் என் மகள் காசு கட்டிப் படித்தாள். டாக்டர் படி, இன்ஜினியர் படி என்று நான் கத்தியதெல்லாம் கால்வாயில் போயிற்று.

அண்ணன் வயலினைப் பெட்டிக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, புள்ளைக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுக்க மாப்பளைக்குக் கட்டுப்படியாகலையா?"

"பழசுதானுங்ணா வெல சாஸ்தி. இது நம்முளுதே இல்லீங்க. ஒரு அறக்கட்டளை இவளுக்கு வாசிக்கக் குடுத்திருக்குது."

"அந்தக் காலத்துப் பாட்டு, அந்தக் காலத்து வயலினு. செரி. கேக்க வாரவங்களும் குதர வண்டீலதான் வருவாங்களா?"

தாரணி சிரித்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. சாப்பாட்டுச் சாமான் பேர்கள் மட்டும் சுத்தமாக வரும். மற்றதற்கெல்லாம் டச்சில்தான் பதில். மாமனுக்காகத் தட்டுத்தடுமாறித் தமிழில், கம்பியைத் தொட்டுக் காட்டி, "மாமா, இது ஆடு. ஆடு உள்ள இருக்கும்ல, அது" என்றாள். ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்பு என்று நான் விளக்கினேன்.

"கொடலா! அட கெரகமே! ஞாயித்துக்கெழம கொழம்பு வெக்கறத இழுத்துக் கட்டி வாசிக்கறாளா?"

அந்த வயலினைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரு வருடத்துக்கு என்று கொடுத்திருந்தார்கள். கச்சேரியை அந்த அறக்கட்டளையை நடத்துகிற அம்மாள் வந்து கேட்பார். அதற்குப் பிறகுதான் வயலினை இவளிடமே விடுவதா, திரும்ப வாங்கிக்கொள்வதா என்று முடிவு. ஈரத்துணி படக் கூடாது, வெயில் படக் கூடாது, வேறு கை படக் கூடாது என்று ஏகப்பட்ட நிபந்தனை. திரும்ப வாங்கிக்கொண்டால் இவளுக்கு வேறு வழி கிடையாது. வீட்டை விற்றாலும் அப்படி ஒன்று எங்களால் வாங்க முடியாது.

கச்சேரி தேதி பல மாதம் முன்பே முடிவானது. அது ஆயுதபூஜை அன்று வருகிறது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

3

எங்கள் ஊர்ப்பக்கம் ஆயுதபூஜை என்றால் தீபாவளியெல்லாம் அப்புறம்தான். வண்டி நிறுத்தும் மைதானத்தில் லாரி, கம்ப்ரசர், ராடுகள், ஸ்பேனர் வரைக்கும் கழுவித் துடைத்து வரிசை கட்டி நிற்கும். கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பொரியும் கடலையும் கூடை கூடையாக வரும். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. அது ஓய்வு எடுக்கிற நாள். மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிய பிறகு, டிரைவர் சாவியில் கை வைத்துக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டி, "எடுக்கலாமுங்களா?" என்று கேட்பார். அண்ணன் வண்டியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எடு சாமி" என்பார். அதற்குப் பிறகுதான் என்ஜின் சத்தம் கேட்கும். அதுவரைக்கும் அந்த மைதானத்தில் கடலை உடைக்கும் சத்தம்தான்.

தாரணி ஏழு வயதில் ஒரு பூஜைக்கு ஊருக்கு வந்திருந்தாள். டிரைவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியை அவளையே கேட்கச் சொன்னார். பிஞ்சுக் குரலில் கேட்டாள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த விடுமுறை முழுக்க முறுக்கு எடுக்க, கொய்யா எடுக்க, தூங்குகிற நாயைத் தூக்க, எல்லாவற்றுக்கும் "எடுக்கலாமுங்களா?" தான். அதற்குப் பிறகு இங்கே பள்ளிக்கூடத்தில், "என் புத்தகங்கள் கடவுளிடம் இருக்கின்றன, இன்று வீட்டுப்பாடம் செய்யக் கூடாது" என்று ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் டீச்சரிடம் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வருடம் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வீட்டில் குழந்தையின் புத்தகங்களை யாராவது பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களா என்று. அந்த வருடத்தோடு புத்தகம் வைப்பதை நிறுத்திவிட்டேன். அவளும் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு இது வெறும் சாங்கியம் இல்லை. ஒரு வருடம் ஏதோ வடக்கு மாநிலத்தில் ஒரு பார்ட்டி அவசரப்படுத்தினான் என்று, பூஜை அன்றைக்கே வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். துளைக்கிற ராடு நழுவி டிரில்லர் பையனின் கை நசுங்கியது. இரண்டு விரல் போயிற்று. அந்தப் பையன் கல்யாணத்தில் தாலி கட்டியபோது மூன்றாவது முடிச்சுக்கு விரல் பிடிபடாமல் தடுமாறினானாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் தன் கையையே பார்த்துக்கொள்வார்.

4

பூஜை அன்று என் வீட்டுக்காரருக்கு பிரஸ்ஸல்ஸில் ஆபீஸ் வேலை. வீட்டில் சண்டை வரப்போகிற நாளெல்லாம் இவருக்கு எப்படித்தான் தெரியுமோ, சரியாக வெளியூர் வேலை வந்துவிடும்.

நான் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். தாரணி குளிக்கப் போயிருந்தாள். அண்ணன் கூடத்தில் பூஜைக்கு வைத்துக்கொண்டிருந்தார். துணி துவைக்கிற மெஷினுக்குப் பொட்டு, காபி மெஷினுக்குப் பொட்டு, வெந்நீர் பாய்லருக்குப் பட்டை, தாரணியின் சைக்கிளுக்கு மாலை. போனால் போகிறது என்று விட்டேன். மனுசன் ஆசையாகச் செய்கிறார்.

தாரணி தலை துவட்டிக்கொண்டே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் வயலின். வயலினின் தலை சுருண்டு இருக்குமே, அந்தச் சுருளில் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். பக்கத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

அவள் டச்சில் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுத முடியாது. எழுதினால் வளர்ப்பு சரியில்லை என்பீர்கள்.

"ஏனுங்ணா, அதத் தொடக் கூடாதுன்னு சொன்னமல்லோ!" என்று நான் கரண்டியோடு ஓடினேன்.

"நரம்புல படாமத்தான் வெச்சேன் அம்மிணி. ஆட்டுக்கொடல் இருக்கற சாமானம், சாமிக்கு முன்னால வெக்கோணும்னா தீட்டுப் போகோணுமல்லோ? அதுக்குத்தான் கொஞ்சம் தாராளமா வெச்சேன்." அவர் முகத்தில் அப்போதுகூடப் பெருமைதான் இருந்தது.

தாரணி, வயலின் பழுது பார்ப்பவருக்குப் போன் செய்தாள். துடைக்காதே, தண்ணீர் படவே கூடாது, மெருகு வெளுத்துவிடும், அப்படியே காயட்டும், நாளைக் காலை கொண்டுவா என்று அவர் சொல்லிவிட்டார். "யாருக்குத் தெரியப்போகுது, தலைப்பக்கம் தானே, கொஞ்சம் திருப்பிப் பிடிச்சுக்கோ" என்றேன் நான். "அம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று பளிச்சென்று தமிழில் சொன்னாள். இந்த மாதிரி என்னைக் குத்துவதற்கு மட்டும் தமிழ் வந்துவிடுகிறது.

சரி, அத்தோடு முடிந்ததா? அவள் வயலினை எடுக்கக் கை நீட்டியதும் அண்ணன் மேசைக்குக் குறுக்கே நின்றார்.

"இன்னிக்கு எடுக்கக் கூடாது சாமி."

"அண்ணா, சாயங்காலம் கச்சேரிங்க! நீங்க வந்ததே அதுக்குத்தானுங்க!"

"நாளைக்கு வெச்சுக்கச் சொல்லு."

"யாருகிட்டச் சொல்றதுங்ணா? டிக்கெட் வித்தாச்சு!"

"அவளுக்கு வெரலுதான பொழப்பு" என்றார். குரல் சட்டென்று இறங்கியிருந்தது. "வெரல்ல ஒண்ணு ஆச்சுன்னா நீ குடுப்பியா, நான் குடுப்பனா?"

எனக்கு வந்த எரிச்சலில் கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. இங்கிருப்பவர்களிடம் நம்மைப் பற்றிச் சொல்லி மன்றாட வேண்டும். நம் ஆட்களிடம் இவர்களைப் பற்றிச் சொல்லி மன்றாட வேண்டும். இரண்டு பக்கமும் என்னையே முறைக்கிறார்கள். நான் என்ன மொழிபெயர்க்கிற மெஷினா? அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகட்டும்.

தாரணி மாமனைச் சுற்றிக்கொண்டு மேசையின் அந்தப் பக்கம் போய், வயலினைத் தூக்கிப் பெட்டியில் வைத்து மூடினாள். கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் வெறும் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டுக் கும்பிடத் தயாராக வைத்திருந்த கற்பூரத்தைத் திரும்பப் பொட்டலத்தில் மடித்தார்.

கச்சேரிக்குப் போகிற டிராமில் அண்ணன் முன்னால் தனியாக உட்கார்ந்துகொண்டார். அந்த டிரில்லரின் விரல் கதையைத் தாரணியிடம் சொன்னேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

5

கச்சேரி ஒரு சின்னப் பழைய தேவாலயத்தில். மர நாற்காலிகள், ஈரச் சுவர், கோட்டைக் கழற்றவிடாத குளிர். மார்லின் என்று தாரணியோடு படித்த பெண், அந்தக் கொள்ளுப்பாட்டன் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆரம்பிப்பதற்கு முன் தாரணி நரம்பை முறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி முறுக்கினாள். அந்தக் காலத்து நரம்புக்குக் காற்றில் ஈரம் மாறினால் போதும், சுருதி போய்விடும்.

"வாசிக்கறதவிட முறுக்கற நேரம் சாஸ்தியா இருக்குதே" என்றார் அண்ணன், எங்கள் ஊர்க் குரலில். முன்வரிசை மொத்தமும் திரும்பியது.

"பையப் பேசுங்ணா."

"பையத்தான பேசறேன்!"

ஆனால் அவள் வாசித்தது நன்றாக இருந்தது. எனக்குச் சொனாட்டாவும் தெரியாது, ஒரு சுரமும் தெரியாது. இப்போதைய வயலின் மாதிரி அது கத்தவில்லை. பக்கத்து அறையில் யாரோ யாரையோ சமாதானம் செய்வது மாதிரி இருந்தது. அவள் இடது கையோரம் அந்த மஞ்சள் சுருள், நடுவில் சிவப்பு. விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. மறைக்க அவள் முயலவே இல்லை. அண்ணன் வயலினைப் பார்க்கவில்லை. அவள் இடது கையை மட்டும் பார்த்தார், கண் இமைக்காமல்.

இடைவேளையில் அறக்கட்டளை அம்மாள் வந்தார். நெட்டையாக, நரைத்த குட்டை முடியோடு, கழுத்தில் கண்ணாடி தொங்க. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுருளைப் பார்த்தார். மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். இது என்ன என்றார்.

தாரணி சொன்னாள். வருடத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் கருவிகளுக்கு விடுமுறை, மாமா இதற்கும் கொடுத்தார், நான் கேட்கவில்லை என்றாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை, மாமன்மேல் பழி போடவும் இல்லை.

அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நாளைக்குப் பழுது பார்ப்பவரிடம் நானும் வருகிறேன். பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். எங்களுக்கு நேர் முன்னால்.

"என்ன சொல்றாங்க அம்மிணி?"

"நல்லா வாசிச்சாளாமுங்ணா."

"அத ஏன் இத்தன கடுகடுன்னு சொல்றாங்க?"

6

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளாளுக்குப் போன் போட்டு என் உயிரை வாங்குவீர்கள். வயலின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சந்தனம் போய்விட்டது. குங்குமத்தின் சாயல் மட்டும் சுருளின் பள்ளத்தில் லேசாக நிற்கிறது. அதைச் சுரண்டினால் மெருகு போய்விடும், இருக்கட்டும் என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், புதிதாக ஒரு நிபந்தனையோடு. வாத்தியத்தை எந்தவிதச் சடங்குக்கும் உட்படுத்தக் கூடாதாம். இனிமேல் இந்த நாட்டில் எவன் வயலின் இரவல் வாங்கினாலும் எங்கள் அண்ணன் பேரால் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனால் அன்று அங்கே உட்கார்ந்திருந்தபோது இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. வயலின் போனது போனதுதான் என்றே நினைத்தேன்.

கடைசி சொனாட்டா. மெதுவாகப் போய்க்கொண்டிருந்த இடம். மூச்சு விட்டால் கேட்கும் அமைதி. படீரென்று ஒரு சத்தம். வயலினில் ஒரு நரம்பு அறுந்து சுருண்டு அவள் கையில் அடித்தது. அவள் விருட்டென்று கையை உதறினாள்.

"வெரலு!"

அண்ணன் எழுந்து நின்றிருந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "வெரலப் பாரு சாமி! வெரலுக்கு என்னாச்சு?"

தேவாலயம் முழுக்க அந்தச் சத்தம் எதிரொலித்தது. இருந்த அத்தனை தலையும் திரும்பியது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. மார்லின் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அறக்கட்டளை அம்மாள் எங்களைப் பார்த்தார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

தாரணி இடது கையைத் தூக்கினாள். ஐந்து விரலையும் விரித்து அவருக்குக் காட்டினாள். பிறகு ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். டிராமில் கேட்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் கூட்டத்தைப் பார்த்து, ஆட்டுக்குடல் நரம்பு இந்தக் குளிரில் அறுவது சகஜம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று டச்சில் சொன்னாள். சிரித்தார்கள். பெட்டியிலிருந்து புது நரம்பை எடுத்து மாட்டினாள், முறுக்கினாள், தட்டிப் பார்த்தாள், மறுபடி முறுக்கினாள். அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

வயலினைத் தோளில் வைத்தாள். வில்லை எடுத்தாள். நரம்பில் வைக்கவில்லை. அந்தப் பழைய சுவர்களுக்கு நடுவே, அத்தனை டச்சுக்காரர்களுக்கும் முன்னால், தலையைக் கொஞ்சம் நீட்டி அவரைப் பார்த்தாள்.

"மாமா, எடுக்கலாமுங்களா?"

அண்ணன் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"எடு சாமி."

சொல்லிவிட்டு உட்காரப் போனார். நாற்காலி கீழே கிடந்தது. முன்னால் இருந்த அந்த அம்மாள் எழுந்து வந்து, சத்தமில்லாமல் அதைத் தூக்கி அவருக்குப் போட்டார்.